வியாழக்கிழமை மௌனம்

அத்தியாயம் 9

கணவர் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கிடைத்த அந்தச் சர்க்கரை மாத்திரையை நீங்கள் மறந்திருக்கலாம். அஞ்சலாட்சி மறக்கவில்லை.

அதைக் கையில் எடுத்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைப் பற்றி மூன்று வாரமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. நம்மிடமும்தான். இன்று ஓசைப்படாமல் அவள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால், நடுவில் ஒன்றிரண்டு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. முதலியார்பேட்டை தணிகாசலம் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப உச்சியில் தொங்கும் ஆளோடு தரையில் நின்றபடி பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. சாப்பிடும்போது அவர் உப்புக் கேட்டால் அடுத்த வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் சில மாதங்களாக உப்பளம் பகுதியில் ஒரு யோக நிலையத்துக்குப் போய் வருகிறார். உடம்பு, மனசு, உயிர் மூன்றையும் சேர்த்துப் பிடித்துச் சொல்லித் தருகிறார்களாம். போனதிலிருந்து வியாழக்கிழமை ஆனால் வாயைத் திறப்பதில்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை மௌனம்.

“ஒரு நாளாவது வாயை மூடிக்கினு இருங்களேன்” என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அஞ்சலாட்சிதான். இப்போது அந்த ஒரு நாள் வாரா வாரம் வருகிறது. வந்தால் அவளுக்குப் பயமாக இருக்கிறது.

காரணம் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி. அதே வியாதி உள்ள எதிர் வீட்டு கோவிந்தராசு போன வருடம் இப்படித்தான் போனில் ஏதோ யோகா வீடியோ பார்த்துவிட்டு, “இனிமே மாத்திரையே வேணாம், மூச்சுலயே சரி பண்ணிடலாம்” என்றார். வீட்டில் கேட்டவர்களிடம் ஒழுங்காகப் போடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அவருக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அஞ்சலாட்சி வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அந்த நிலையத்தின் பின்கட்டில் அறைகள் இருக்கின்றன. வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் பேச்சை விட்டவர், மீனை விட்டவர், அடுத்தது எதை விடுவார் என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டை விடுவார். பெண்டாட்டியை விடுவார். 

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கேழ்வரகுக் கஞ்சி ஆறியிருந்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டாள். கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். தணிகாசலம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அரிசி டப்பாவுக்குள் கை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். மாத்திரையைப் பிதுக்கி, கிண்ணத்தில் வைத்து, கரண்டியின் முதுகால் நசுக்கினாள். மூன்று வாரமாக இதே வேலைதான். அவர் போட மாட்டேன் என்றால் என்ன, கஞ்சியோடு தானாக உள்ளே போகிறது.

இன்றைக்கு ஒன்றை நசுக்கியவள் கொஞ்சம் யோசித்தாள்.

கொஞ்ச நாளாகவே அவருக்குக் காரணமில்லாமல் வியர்க்கிறது. நேற்று பேப்பர் படிக்கும்போது கை நடுங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். சர்க்கரை ஏறிவிட்டது, ஒரு மாத்திரை பற்றவில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இன்னொன்றையும் பிதுக்கினாள்.

தணிகாசலம் கஞ்சியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காரர் சிரிக்க ஆரம்பித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

“மாத்திர போட்டாச்சா?”

அவர் தோள் பையை மாட்டிக்கொண்டு, வாயில் எதையோ போடுவதுபோல் காட்டினார். உப்பளம் பக்கம் கையை நீட்டினார். அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். பேசும் நாட்களில் அதையே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்.

“ஆமா, அங்க போயிதான் போடுவீங்க. வூட்டுல தண்ணி இல்ல பாருங்க.”

அவர் மறுபடியும் சிரித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் சரிதா வந்தாள். தணிகாசலத்துக்கு ஒரே மகள். லாஸ்பேட்டையில் புகுந்த வீடு, தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா போனில் அழுதது தாங்காமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“இன்னாம்மா, என்ன ஆச்சு?”

“உங்கப்பா மாத்திர போடறதில்லடி. எனக்கு நிச்சயமாத் தெரியும். நீ இன்னிக்கு நேரா அங்க போ. அந்த வாத்தியார் மூஞ்சியப் பாத்துக் கேளு, யார் வூட்டுத் தாலிய அறுக்கப் பாக்கறேன்னு.”

“நீயே போயிக் கேக்கறதுதானே?”

“நான் போனா கத்திடுவேன். இன்னிக்கு அந்த மனுசன் திருப்பிக் கத்தக்கூட மாட்டாரு. எனக்கு மட்டும் மானம் போவும்.”

சரிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் ரகசியக் குரலில் பேசினார். அவர் ரகசியக் குரலில் பேசியதே அவள் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

‘கண்ண மூடுனா நெத்தியில வெள்ளையா வெளிச்சம் வருதும்மா. உடம்பே இல்லாத மாரி மெதக்கறேன். உங்கம்மாகிட்ட சொல்லாத. சிரிப்பா.’

அவளும்தான் சிரித்தாள். போனை வைத்த பிறகு, இந்த வயதில் அப்பாவின் காதில் யாரோ பூச்சுற்றுகிறார்கள் என்று கோபமும் வந்தது.

“நான் பாத்துட்டு வர்றேம்மா” என்று கிளம்பினாள். கஞ்சியில் போகும் மாத்திரையைப் பற்றி அஞ்சலாட்சி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வார அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

உப்பளத்தில் அந்த நிலையம் ஒரு பழைய மாடி வீடு. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல். வாசலில் செருப்புகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. உள்ளே ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கொடுவா மீசை வைத்த ஒருவர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. இவளைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.  பணம் கட்டித் தங்கி, முற்றமும் பெருக்குகிற ஆளை சரிதா இப்போதுதான் பார்க்கிறாள்.

அலுவலக அறையில் இராமதாஸ் இருந்தார். நிலையத்தை நடத்துபவர். காவியும் இல்லை, தாடியும் இல்லை. சாதாரண பேண்ட் சட்டையில் பாங்க் கிளார்க் மாதிரி இருந்தார். அவர் மட்டும் இன்று பேசலாம் போலிருக்கிறது, அதுவும் தணிந்த குரலில்.

“தணிகாசலம் சார் பொண்ணா? உக்காரும்மா.”

“உக்கார வரல சார். எங்கப்பாவ மாத்திரை நிறுத்தச் சொன்னது யாரு?”

இராமதாஸ் எழுந்து, கூடத்து மூலையிலிருந்த ஒரு மேசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மேசை முழுக்க மாத்திரை அட்டைகள். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, தைராய்டுக்கு. ஒவ்வொன்றும் ஒரு டம்ளரில், டம்ளரில் பெயர் ஒட்டி. நடுவில் ஒரு தண்ணீர்ப் பானை. ‘தணிகாசலம்’ என்று ஒட்டிய டம்ளரும் அங்கே இருந்தது.

“ஆசனம் முடிஞ்சதும் பலகாரம். பலகாரத்தோட மாத்திரை. என் கண்ணு முன்னாடி முழுங்கணும். வாயத் தொறந்து காட்டச் சொல்லுவேன். உங்கப்பா இப்ப அரை மணி முந்திதான் போட்டாரு. தெனமும் போடறாரு.”

“நெஜமாவா?”

“எனக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாதும்மா. இங்க வர்றவங்களுக்கு முதல் வாரமே ஒரு எண்ணம் வந்துடுது, மனசு மேல போயிடுச்சி, இனிமே உடம்பு எதுக்குன்னு. உடம்பக் கீழ விட்டுட்டு மேல போறதுக்குப் பேரு வேற. அதுக்கு ஊருக்கு வெளிய எடம் இருக்கு. இங்க மூணும் சேந்துதான் ஏறணும்.”

சரிதாவுக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. அதனாலேயே இன்னும் சந்தேகமாகவும் இருந்தது.

“ஒரு நாள் சட்டைப் பையில மாத்திரை இருந்துச்சாம்.”

“அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டாரு. அதுலேந்துதான் இந்த மேசையே. அதுக்கு முன்னாடி அவங்கவங்க பையில வச்சிருந்தாங்க.” பிறகு அவரே கேட்டார். “வீட்ல அவரு எப்படி இருக்காரு?”

“ஏன் சார்?”

“வெளிச்சம் தெரியுதுங்கறாரு. மெதக்குதுங்கறாரு. எனக்கு அதுல ஒரு சந்தேகம். நான் இருவது வருசத்துக்கு மேல உக்காந்துக்கினு இருக்கேன், எனக்கே ஒரு குண்டு பல்பு எரியல. இவருக்கு சில மாசத்துல டியூப் லைட்டே எரியுதுன்னா எப்படி? எதுக்கும் ஒரு தடவ சர்க்கரை அளந்து பாத்துட்டு வாங்கன்னேன். நாளைக்கி போறதா சொல்லியிருக்காரு. அது கெடக்கட்டும், ரூம் வேற கேட்டிருக்காரே, வீட்ல சொன்னாரா?”

“ரூமா?” சரிதாவின் குரல் உயர்ந்தது. முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். “எதுக்கு ரூம்?”

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. இராமதாஸ் உதட்டில் விரல் வைத்தார். தியானத்துக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே இரு என்று ஜாடை காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

கதவு இடுக்கு வழியாக சரிதா பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா. நிமிர்ந்த முதுகு, மூடிய கண். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் வேர்வை. உதட்டில் மட்டும் ஏதோ ஒரு சின்னச் சிரிப்பு, தொட்டிலில் குழந்தை சிரிக்குமே, அப்படி.

மாத்திரை போடுகிறார், அது நல்ல சேதி. ரூம் கேட்டிருக்கிறார், அது கெட்ட சேதி. நல்லதை முதலில் சொல்லலாம் என்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அஞ்சலாட்சி அப்போது மெயின் ரோட்டில் அப்துல் கஃபாரின் மருந்துக் கடையில் நின்றிருந்தாள். இரண்டிரண்டாகப் போட ஆரம்பித்தால் இருக்கிற அட்டை எத்தனை நாளைக்கு வரும்?

“அக்கா, அண்ணன் போன வாரந்தானே வாங்கிட்டுப் போனாரு?” என்றார் கஃபார், அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு. “அதுக்கு முந்தியும் நீங்க வந்து வாங்கினீங்க. யாருக்குக்கா இது?”

“தொலஞ்சி போச்சி பாய். குடுங்க.”

வாங்குவது வேறு, விழுங்குவது வேறு என்பது அவள் கணக்கு. அவர் வாங்கிக்கொண்டு போய்க் கடலில் போடுகிறாரோ என்னவோ. கஃபார் அரை மனதாக அட்டையை நீட்டினார். அதை வாங்கும்போதுதான் போன் அடித்தது.

“அம்மா, நீ வீணா பயந்துட்ட!” சரிதாவின் குரலில் சிரிப்பு இருந்தது. “அப்பா மாத்திரை ஒழுங்கா போடறாரும்மா. தெனமும். இங்க அந்த சாரே நின்னு பாத்துப் போட வெக்கிறாரு. இன்னிக்கும் போட்டுட்டாரு.”

அஞ்சலாட்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இன்னிக்குமா?”

“ஆமாம்மா. இப்பதான் கொஞ்ச நேரம் முந்தி. ஏம்மா, சந்தோசமாவே இல்ல போல?”

“தெனமுமா?”

“தெனமும்தான். அம்மா? இன்னாம்மா?”

அஞ்சலாட்சி கடைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது.

“சரிதா, நான் கஞ்சியில போட்டுட்டேண்டி. தெனமும் போட்டேன். இன்னிக்கி ரெண்டு போட்டேண்டி.”

 கஃபார் இரண்டே எட்டில் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து போனைப் பிடுங்கினார்.

“பாப்பா, கஃபார் மாமா பேசறேன். அப்பா எங்க இருக்காரு? கண்ணு முழிச்சிக்கினு இருக்காரா? எதுனா இனிப்பு, சர்க்கரைத் தண்ணி, எது கெடைக்குதோ உடனே குடு. நிக்காத, ஓடு!”

சரிதா கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் ஓடினாள். தியானத்தில் இருப்பவரைத் தொடக் கூடாது, அழைக்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“அப்பா! அப்பா!”

கூடமே கண் திறந்தது. தணிகாசலம் மட்டும் திறக்கவில்லை. பிறகு பாதி திறந்தார். அவளை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். உடம்பு ஜில்லென்று இருந்தது. அப்படியே அவள் தோளில் சாய்ந்தார்.

“சர்க்கரை! சர்க்கரை எடுத்துட்டு வாங்க யாராவது!”

அந்த நிலையத்தில் வெள்ளைச் சர்க்கரை வாசற்படி தாண்டக் கூடாது என்பது சட்டம். பூசணிக்காய் நறுக்கிய மீசைக்காரர்தான் மௌனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, “வெல்லம் கெடக்குது சார்!” என்று அடுப்படிக்கு ஓடினார். இராமதாஸ் வெந்நீரில் கரைத்து ஆற்றினார். சரிதா அப்பாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார். பாதி அவர் சட்டையில் கொட்டியது.

பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கஃபாரின் ஸ்கூட்டரில் அஞ்சலாட்சி வந்து சேர்ந்தபோது தணிகாசலத்தின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண். இந்தக் காலத்துப் பெண்களுக்கே உரிய நேர்க் கேள்வி.

“இவ்ளோ மாத்திரை ஒரே காலையில எப்படி உள்ள போச்சு? யாரு குடுத்தது?”

அஞ்சலாட்சி மறைக்கவில்லை. அரிசி டப்பா, கரண்டி, கஞ்சி, மூன்று வாரம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னாள். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டிலில் கண்மூடிக் கிடந்த மனிதரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நெனவே திரும்பியிருக்காதும்மா” என்றாள் டாக்டர். “வேர்க்கறது, கை நடுங்கறது, கண்ணுல வெளிச்சம் அடிக்கறது எல்லாமே சர்க்கரை கொறையறதுனால. ஏறுனதால இல்ல. இந்த மாத்திரை இன்னும் ரத்தத்துல இருக்கு. மறுபடி எறங்கும். ராத்திரி இங்கதான் இருக்கணும்.”

டாக்டர் போனதும் சரிதா அம்மாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? காலையில எதிர்ல நின்னு பேசுன. ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“சொன்னா நீ தடுப்ப.”

“தடுக்கத்தான் செய்வேன்!”

“கோவிந்தராசு அண்ணன் மாரி ஆயிடுவாருன்னு பயந்தேண்டி. கால் போனாலும் பரவால்ல, ஆளே போயிட்டா?” அவளுக்கு அழுகை பொங்கியது. “எனக்கு யாருடி இருக்கா?”

சரிதா அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ரூம் விஷயத்தை இப்போது சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை. அம்மாவுக்கு ஏற்ற மகள்தான்.

மத்தியானத்துக்கு மேல் தணிகாசலம் தெளிந்துவிட்டார். கண் திறந்தார். மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். நர்ஸ் கேட்டதற்குக் கை ஜாடை காட்டினார். மனைவி பக்கம் மட்டும் திரும்பவில்லை. வாயையும் திறக்கவில்லை. விளக்கு வைக்கும் வரை மௌனம் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மௌனம்தான்.

அவர் எதையெல்லாம் கேட்டார், எதையெல்லாம் கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. டாக்டரிடம் அவள் ஒப்புக்கொண்டபோது உண்மையிலேயே மயக்கத்தில் இருந்தாரா? அஞ்சலாட்சி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே துருவிக்கொண்டிருந்தாள். காலையில் திறந்து கிடந்த முகம்தான். இப்போது ஒன்றும் பிடிபடவில்லை. அவர் இரண்டு திட்டு திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. கம்பத்து விளக்கு எரிந்ததா இல்லையா என்று அண்ணாந்து பார்ப்பது அவர் வாழ்நாள் பழக்கம். பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தினி நாளா?”

ஊருக்கே கேட்கும் குரல் இப்போது கட்டிலைத் தாண்டவில்லை.

“மூணு வாரமா” என்றாள் அஞ்சலாட்சி.

“அந்த வெளிச்சம் வந்ததும் மூணு வாரமாத்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. சரிதாவுக்குப் புரிந்தது. அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“கம்பத்துல ஏறி எறங்குனவன் நானு. எனக்கெல்லாம் இது வருமான்னு இருந்தேன். வந்துச்சி. உடம்பே காணாம போச்சி. நம்மளையும் ஒருத்தன் மேலேந்து பாத்துட்டான்னு நெனச்சி, சைக்கிள ஓரமா நிறுத்திட்டு ரோட்டுல நின்னு அழுதேன்.” கையில் ஏறும் குளுக்கோஸைப் பார்த்தார். “அது உன் மாத்திரதானா?”

“என்னாங்க... எனக்கு பயமா இருந்திச்சிங்க.”

“என்னாண்ட கேக்கறது.”

“கேட்டேனே. தெனமும் கேட்டேனே. அங்க போட்டுக்கறேன்னீங்க.”

“அப்பறம்?”

“நம்பலைங்க.”

மறைக்காமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடிய சொல் என்று அவளுக்கே தெரிந்தது. தணிகாசலம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அஞ்சலாட்சி டம்ளரில் ஊற்றி, ஆற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நின்றார். டம்ளரை மூக்கருகே பிடித்து மோந்து பார்த்தார். பிறகு குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரிதா அந்த டம்ளரை எடுத்து, அப்பா பார்க்கும்படி ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அந்த நேரத்தில்தான் இராமதாஸ் வந்தார், கையில் தணிகாசலத்தின் தோள் பையோடு. பாவம், நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்.

“இப்ப எப்படி சார் இருக்கு? பயமுறுத்திட்டீங்களே.” பையைக் கட்டிலில் வைத்தார். அஞ்சலாட்சியைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மாதானே? உங்களைப் பத்தி சார் பேசாத நாள் கெடையாது, வியாழக்கிழமையத் தவிர.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், மார்கழி முகாமுக்கு ரூம் கேட்டிருந்தீங்களே. ரெண்டு பேருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், காலம்பூரா அடுப்படியிலயே நின்னவ, பத்து நாள் என்கூட உக்காரட்டும், வீட்ல நானே சொல்லிக்கறேன்னீங்களே. கடக்கரையப் பாத்த ரூமா எடுத்து வச்சிருக்கேன். இப்ப இந்த நெலமையில என்ன பண்ணட்டும்? வச்சிருக்கட்டுமா?”

அஞ்சலாட்சி முந்தானையை எடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். சரிதாவும் பார்த்தாள்.

தணிகாசலம் ஜன்னல் வழியே தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“வச்சிருங்க சார்” என்றார். “ஒருத்தருக்குப் போதும்.”

வியாழக்கிழமை முடிந்துவிட்டது. அவர் மௌனமும் முடிந்துவிட்டது. இப்போது வாய் திறக்க முடியாமல் நின்றவள் அஞ்சலாட்சி.